பொய்ப் பெஞ்சில் அரை மணி நேரம்

நெதர்லாந்தின் ஹிண்டலோப்பன் துறைமுகத்தில், மதகுக்காரர் வீட்டை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு இருக்கிறது. ஊரில் அதற்குப் பொய்ப் பெஞ்சு என்று பெயர். வயதான மாலுமிகள் உட்கார்ந்து கதையளந்த இடம். காற்று காதை அறுத்தது. ஆனாலும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எதிரே கடல் என்றுதான் நினைத்தேன். உப்பு வாடையே வரவில்லையே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அது ஐசல்மேர், ஏரி. 1932 மே 28 வரை அதுவும் ஸாய்டர்ஸே என்ற கடல்தான். 1916-இல் கடல் கரையை உடைத்துப் பெருவெள்ளம் வந்தது. இரண்டே வருடத்தில், கடலை அடைக்கும் அணைக்குச் சட்டம் போட்டார்கள். 32 கிலோமீட்டர் அணையின் கடைசி இடைவெளியும் அடைபட்ட அன்றோடு ஏற்றவற்றம் நின்றது. நீர் மெல்ல மெல்ல நன்னீரானது. ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின, விலாங்குதான் கைகொடுத்தது. மீனவர்களுக்கான உதவிச் சட்டம் 1925-லேயே வந்துவிட்டது. கடல் போகப்போகிறது என்று தெரிந்தே ஏழு வருடம் வலை பின்னியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனசைப் பிசைந்தது.

அந்த வருடங்களில் இந்தப் பெஞ்சில் பொய் சொல்லவே தேவை இருந்திருக்காது. "கடலைப் பூட்டிவிட்டார்கள்" என்பதை விடப் பெரிய புளுகு வேறென்ன? 1929 பிப்ரவரி 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு நகரங்களைச் சுற்றி உறைந்த கால்வாய்களில் சுமார் 200 கிலோமீட்டர் சறுக்கும் போட்டி. இந்த ஊரும் வழியில்தான். ஜெயித்த கார்ஸ்ட் லேம்பர்குக்குப் பனியில் விறைத்த கால்விரலையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் அந்த விரல் எத்தனை தடவை வெட்டப்பட்டிருக்கும்! 1933-இல் ஆபே டி வ்ரீஸும் சிப்கே காஸ்டலைனும் சேர்ந்தே முதலிடம் பிடித்தார்கள். ஒரு போட்டிக்கு இரண்டு வெற்றியாளர்கள் என்று எவனாவது வந்து சொன்னால் சிரித்திருக்க மாட்டார்களா?

இத்தனையையும் பேசியது ஊரின் சொந்தப் பேச்சான ஹில்பர்ஸில். இந்த வட்டாரத்து ஃப்ரீஸிய மொழி பேசும் பக்கத்து ஊர்க்காரருக்கே அது சட்டென்று பிடிபடாதாம். வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்தால், கிண்டல் தன்னைப் பற்றியா, மீனைப் பற்றியா என்றுகூடத் தெரிந்திருக்காது.

குளிர் தாங்காமல் எழுந்தேன். கிளம்புமுன் கரையில் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. கொஞ்சம் பாசி வாடை.