அட்டவணையை மூடிவிட்டு ஒரு நியூரானைப் பின்தொடருங்கள்

இரண்டாம் ஆண்டில் நரம்பு வளர்ச்சிப் பாடத்தில் கோட்டை விட்டேன். மறுதேர்வுக்குச் சுங்கை சிப்புட் வீட்டில் இருந்துதான் படித்தேன். அங்கேதான் பாடம் பிடிபட்டது.

முதல் தடவை மரபணு ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம் என்று அட்டவணை போட்டு உருப்போட்டிருந்தேன். கேள்வியோ வேறு மாதிரி வந்தது: டிசிஎக்ஸ் என்ற ஒரே மரபணுவின் கோளாறு ஆணுக்கு மடிப்பில்லாத வழவழ மூளையையும் பெண்ணுக்கு இரட்டைப் புறணியையும் (வெளிப்பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை) தருவது ஏன்? என் அட்டவணையில் 'ஏன்' என்பதற்குக் கட்டமே இல்லை.

சரி என்று இரண்டாம் தடவை ஒரே ஒரு நியூரானை வரைந்தேன். மூளையறையின் ஓரத்தில் பிறக்கிறது. கிளியா என்ற துணை உயிரணுவின் நீண்ட இழையைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் ஏறுகிறது. முதலில் ஒரு நீட்சியை முன்னே விடும், பிறகு உட்கருவை இழுத்துக்கொள்ளும். நியூரானுக்குள் இருக்கும் தண்டவாளம் நுண்குழல்: டியூபுலின் புரதத்தால் ஆனது, 25 நானோமீட்டர் தடிமன். இழுப்பது டைனீன் என்ற மோட்டார் புரதம், அதற்குத் துணை லிஸ்1 புரதம். நுண்குழல் குலையாமல் பிடிப்பது டபுள்கார்ட்டின். டிசிஎக்ஸ் மரபணு தருவது இதைத்தான். உயிரணுவுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளைக் கோர்ப்பது ஃபிலமின் ஏ புரதம். அது கெட்டால் பல நியூரான்கள் கிளம்பவே முடியாமல் மூளையறை ஓரத்திலேயே முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வாருங்கள். டிசிஎக்ஸ் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதனால் எல்லா நியூரானும் தடுமாறும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ்; ஒவ்வோர் உயிரணுவிலும் அவற்றில் ஏதோ ஒன்று அணைந்திருக்கும். நல்ல எக்ஸ் வேலை செய்யும் நியூரான்கள் மேலே போய்ச் சேரும். மற்றவை பாதி வழியில் நின்று இரண்டாவது பட்டையாகும்.

பிந்திப் பிறந்த நியூரான்கள் முந்தியவற்றைத் தாண்டிப் போய் வெளியடுக்கில் அமர்வதுதான் எனக்கு மறந்துகொண்டே இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்த அம்மாவிடம் படத்தைக் காட்டிப் புலம்பினேன். "லயத்துலயும் அப்படித்தானேடா, பிந்தி வந்தவனுக்குக் கடைசி வீடு" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அப்புறம் மறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சிறுதலை நோயை இந்தப் படத்தில் திணிக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் நியூரான் நகர்வதற்கு முன்பே, தாய் உயிரணு பிரியும்போதே கோளாறு. அதே நுண்குழல் அங்கே குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோலாக வேலை செய்கிறது. அதற்குத் தனித் தாளில் தனிப் படம் போடுங்கள்.