தண்ணீர் பாட்டிலில் தின்னர்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு ஜன்னலுக்கு எனாமல் பெயிண்ட், அதில் கலக்கத் தின்னர் வேண்டும், டின்னில் இருந்ததைக் கைக்கு வசதியாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைத்திருந்தார் பெயிண்டர். அக்கா மகனுக்கு மூன்றரை வயது. விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடி வந்தவன் அதை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டான்.

இருமல் நிற்கவே இல்லை. அம்மா பதறிப்போய் அவன் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தார், அப்புறம் உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ், அவர் வந்து தடுத்தார். தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய ஆபத்து என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது: சுலபமாக வழுக்கி ஓடுகிற திரவம், வாந்தியாக மேலே வரும்போது கொஞ்சம் மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரல் முழுக்கப் பரவிப் புண்ணாக்கிவிடும். ஆசிட் என்றாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியிலேயே திரும்பி வந்து தொண்டையை இன்னொரு தடவை வேக வைக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன குடித்தான்?" என்பதைத்தான். கையில் இருந்தது மினரல் வாட்டர் லேபிள் ஒட்டிய பாட்டில். பெயிண்டருக்குப் போன் போட்டு, டின்னில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சொல்வதற்குள் எங்களுக்கு உயிரே போய்விட்டது. எக்ஸ்ரே முதலில் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சில மணி நேரம் கழித்தும் பாதிப்பு தெரிய வரலாம் என்று ராத்திரி முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள். காய்ச்சல் வரவில்லை, மூச்சும் சீராக இருந்தது, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பெயிண்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வந்ததும் வீட்டைத் துழாவினேன்: பாத்ரூமில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஆசிட், மாடிப்படிக்குக் கீழே ரோஸ்மில்க் பாட்டிலில் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. அந்த மருந்து டப்பாவில் எவ்வளவு விஷம் என்று காட்டுகிற கலர் முக்கோணம் இருக்கும், சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். பாட்டில் மாற்றும்போது அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம். படிக்கத் தெரியாத குழந்தைக்கு பாட்டிலின் உருவம்தான் லேபிள்.

போன வாரம் பினாயில், ஆசிட் விற்கிறவர் வண்டியோடு தெருவுக்கு வந்தார். எல்லாமே பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதில் கொடுக்காதீர்கள் அண்ணா என்றேன். "எல்லாரும் இதுலதானம்மா வாங்குறாங்க" என்றார். நான் வாங்கவில்லை.