காயில் போய்விட்டது என்றார்கள்

மார்கழி பிறக்க மூன்று வாரம் இருந்தபோது எங்கள் பஜனை கோஷ்டியின் மைக் விழுந்தது. சுண்டல் தட்டைப் பார்த்து ஓடிவந்த வாண்டு ஒன்று ஒயரில் கால் தடுக்கி, ஸ்டாண்டோடு சாய்த்துவிட்டது. சிமெண்ட் தரை. வலைக்கூட்டின் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. எடுத்து இரண்டு முறை "ஹலோ" சொன்னேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

மைக் ஷூர் எஸ்எம்58, மேடைப் பாடகர்கள் பயன்படுத்தும் ரகம். முப்பது பாசுரம் பாடிவிட்டுப் பொங்கல் சாப்பிடும் எங்களைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படிதான். எங்களோடு பல வருடம் பாடிய ஒரு மாமி, ஊரைவிட்டு மகன் வீட்டுக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அதனால் "தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்" என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கோஷ்டியின் பணப்பெட்டி என்னிடம் இருக்கிறது என்பதால் பழுது பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒயரை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் சத்தம் இல்லை. மைக்கில் சுவிட்ச் கிடையாது, ஆகவே அந்தச் சந்தேகமும் இல்லை. (உங்கள் மைக்கில் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். மலிவான மைக்குகளில் அது சீக்கிரம் மக்கர் செய்யும்.)

அடுத்துச் செய்ததுதான் வினை. என் அக்கா மகனிடம் மல்டிமீட்டர் வாங்கி, மைக்கின் அடியில் உள்ள மூன்று பின்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அளந்தேன். எங்கோ அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது, எண் காட்டினால் காயில் (குரலுக்கு அசைந்து மின்சாரம் உண்டாக்கும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது என்று அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். எண் காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். மைக் நன்றாக இருக்கிறது, குற்றவாளி ஆம்ப்ளிஃபயர் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த இரும்புப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் தன் மைக்கைச் செருகி "ஒன், டூ" என்றார். தெருவே அதிர்ந்தது. பார்த்ததற்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆட்டோ வாடகை தனி.

நான் அளந்தது காயிலையே அல்ல என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர் நிரபராதி என்றானதும், எங்கள் ஊரான செங்கல்பட்டிலேயே மைக் செட் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மைக்கைத் திறக்கவில்லை, அளக்கவில்லை. காதருகே வைத்து இரண்டு முறை குலுக்கினார். "காயில் போய்விட்டது அம்மா. யூனிட் மாற்ற வேண்டும். 850 ரூபாய், 300 முன்பணம், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். விழுந்த மைக், சத்தம் இல்லை, காயில் போயிருக்கும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். திறக்காமல் நோய் சொல்பவரிடம் எதையும் ஒப்படைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். மைக்கை ஒப்படைக்கும் முன் வலைக்கூட்டைத் திருகி எடுத்து, உள்ளே இருப்பதை நான்கு படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வாங்கி வந்து மாட்டினால் சத்தம் வந்தது. ஆனால் அது எங்கள் மைக்கின் சத்தம் இல்லை. தகரக் குழாய்க்குள் இருந்து பாடுவதுபோல் மெலிந்து கேட்டது. கையில் பிடித்தால் விரல் நகர்வதெல்லாம் தட் தட்டென்று ஸ்பீக்கரில் இடித்தது. எப்போதும் வைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டுவதற்குள் ஊளையிட ஆரம்பித்தது. எங்கள் கோஷ்டியில் எண்பதை எட்டப்போகும் ஒரு மாமி, "இது யார் வீட்டு மைக்?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். "புது யூனிட் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகும்" என்றார். அது பழகட்டும், என் பழைய யூனிட்டைக் கொடுங்கள் என்றேன். "செத்துப்போனதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" மாமி கொடுத்தது, பூஜை அறையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைச் சாதித்தது என்று நினைக்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். திருகாணி, அறுத்த ஒயர்த் துண்டு, இரும்புத் தூள் எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் கார்ட்ரிட்ஜ், அதாவது அவர் யூனிட் என்று சொன்ன, காயில் இருக்கும் தலைப்பகுதி, மூடாமல் கிடந்தது. அவர் மாட்டிய யூனிட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதி 550 ரூபாயைத் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் முன்பணத்தைத் தரவில்லை. சரி, போகட்டும் என்று வந்துவிட்டேன்.

இனி சென்னைதான் கதி. மைக், ஸ்பீக்கர், சர்க்யூட் எதுவானாலும் ரிச்சி தெரு என்று எல்லோரும் சொல்வார்கள். அடுத்த நாளே மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவின் பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. அந்தத் தெருவுக்கு ஞாயிறு விடுமுறை என்பது ஊரறிந்த விஷயம், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நடைபாதையில் கடை விரித்திருந்த ஒருவர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதே மைக், புதிது, 1500" என்று ஒரு பெட்டியை நீட்டினார். அதே பெயர், அதே எழுத்து, அதே பச்சையும் கறுப்பும். இத்தனை நாள் தவிப்பில் ஒரு நிமிடம் கை பணப்பைக்குப் போனது உண்மை. ஏதோ தடுத்தது, வாங்காமல் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். நான்கு கடைகளில் "பழுது பார்ப்பதில்லை, புதிது தருகிறோம்" என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பையன், குறுகிய மாடிப்படியைக் காட்டி மேலே ஒரு பெரியவர் பார்ப்பார் என்று அனுப்பினான். மேலே ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, மேஜையில் முதலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, பழுது பார்க்கும் மேஜையில் எப்போதும் இரும்புத் தூள் இருக்கும், தாள் இல்லாமல் வைத்தால் ஈர்த்துக்கொள்ளும் என்றார். பிறகு அதன் ஓரத்தில் ஏற்கெனவே மீசைபோல் ஒட்டியிருந்த தூளைப் பார்த்து, "யார் அம்மா இதை இப்படிப் போட்டு வைத்தது?" என்றார். நல்லவேளை, உள்ளே போகவில்லை, ஓரத்தோடு நின்றிருந்தது. ஒட்டும் டேப்பைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். அதற்கே பத்து நிமிடம் ஆனது.

அதன்பின் மீட்டரின் இரண்டு முனைகளையும் கார்ட்ரிட்ஜின் பின்புறம் இருந்த இரண்டு புள்ளிகளில் வைத்துவிட்டு, "காதைக் கிட்டே கொண்டுவாருங்கள்" என்றார். மிக மெலிதாக ஒரு "டிக்". எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி "டிக்". மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்குக் காயில் அசைந்து, அதோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வும் அசைகிற சத்தம் அது. எங்களுடையதுபோல் காயிலும் காந்தமும் வைத்த டைனமிக் மைக் என்பது தலைகீழான ஸ்பீக்கர்தானே. செத்துவிட்டது என்று 850 ரூபாய்க்கு ஈமக்கிரியை நடந்த காயில், என் காதருகே டிக், டிக் என்றது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்படியானால் என்னதான் கோளாறு? கார்ட்ரிட்ஜை விளக்குக்கு அடியில் திருப்பிக் காட்டினார். ஒரு புள்ளியில் பச்சை ஒயரின் வெட்டிய முனை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு புள்ளியில் விரிசல் விட்ட ஈயம் மட்டும் இருந்தது, ஒயரின் சுவடே இல்லை. "பச்சையை வெட்டியிருக்கிறார்கள். மஞ்சளை யாரும் வெட்டவில்லை, அது விழுந்தபோதே பிய்ந்து வந்துவிட்டது. அவ்வளவுதான் உங்கள் கோளாறு." கைப்பிடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். முனையில் பழைய ஈயத்தோடு ஒரு மஞ்சள் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. யூனிட் மாற்றியவர் கண்ணுக்கு முன்னால்தான் அது இருந்திருக்கும்.

என் மல்டிமீட்டர் வீரத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இந்த மைக்கின் கைப்பிடிக்குள் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அடியில் உள்ள பின்களில் அளந்தால் அதன் சுற்றைத்தான் மீட்டர் காட்டும், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் காயிலை அல்ல என்றார். காயில் சாம்பலாகியிருந்தாலும் எண் வந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மைக்குகளும் நிறைய உண்டு, அவற்றில் மட்டும் பின்களில் அளந்தால் போதும். மீட்டர் வைத்திருப்பவர்கள் இதை எங்காவது எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரியாததால் ஒரு ஆம்ப்ளிஃபயர் ஊர்வலம் போய் வந்தது.

காயில் நிஜமாகவே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். 1966 முதல் வந்துகொண்டிருக்கும் மைக் என்பதால் இதற்கு அசல் கார்ட்ரிட்ஜ் தனியாகவே விற்கிறது, ஆர்59 என்று கேட்க வேண்டும், ஆனால் அதன் விலை புது மைக்கின் விலையில் பாதிக்கும் மேல் என்றார். கூலியையும் சேர்த்தால் புதிதாக வாங்கி வாரண்டியோடு வைத்துக்கொள்வதே மேல் என்பது அவர் கட்சி. கைப்பிடியும் டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருக்கும்போது எதற்காகத் தூக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த மைக் என்றால் எங்களுக்குள் சண்டையே இல்லை: காயில் அறுந்தால் குப்பைத்தொட்டிதான். ஞாயிற்றுக்கிழமை பார்த்த 1500 ரூபாய்ப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும், "அந்த விலைக்கு அசல் கார்ட்ரிட்ஜ்கூட வராது அம்மா, முழு மைக் எப்படி வரும்?" என்றார். போலிகள் பலவற்றைத் திறந்தால் உள்ளே வேறு நிற ஒயர்கள் இருக்குமாம். எங்களுடையதில் மஞ்சளும் பச்சையும் இருந்ததைப் பார்த்ததுமே அசல் என்று தெரிந்ததாம். மாமி நம்மை ஏமாற்றவில்லை என்று ஒரு அற்ப நிம்மதி.

ஈயப்பற்று வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கார்ட்ரிட்ஜைத் திருகி உள்ளே இறக்கும்போது ஒயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அதனால் முதலில் எதிர்ப்பக்கமாக நாலைந்து சுற்று முறுக்கிவிட்டுத்தான் திருக வேண்டும் என்று செய்து காட்டினார். நசுங்கிய வலைக்கூட்டை நிமிர்த்த வேண்டாம், உள்ளே கார்ட்ரிட்ஜில் இடிக்கவில்லை என்றார். ஆனால் அதற்குள் இருந்த பஞ்சை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

கூலி 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து வலைக்கூட்டை மட்டும் தனியே கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன். கற்பூரக் கரி, விபூதி, வருடக்கணக்கான எச்சில் எல்லாம் கலங்கி, தண்ணீர் சாம்பல் நிறமானது. ஈரம் போக ஒரு முழு நாள் நிழலில் காயவிட்ட பிறகுதான் மாட்டினேன். கார்ட்ரிட்ஜ் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

அன்று இரவு கணக்கு நோட்டில் எழுதினேன்: முன்பணம் 300, ஆம்ப்ளிஃபயர் பார்த்ததற்கு 100, அதன் ஆட்டோ 160, சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தது 620, பழுது 150. மொத்தம் 1330 ரூபாய். அதில் மைக்குக்கு ஆனது 150 மட்டும். மற்றதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் "இதர செலவு" என்று போட்டேன்.

மார்கழி முதல் நாள், விடிகாலை நாலரை மணி. பனிக்குப் பயந்து எல்லோரும் மப்ளரோடு வந்திருந்தார்கள். "மார்கழித் திங்கள்" என்று எடுத்ததும் பழைய கனத்தோடு குரல் வந்தது. நசுங்கின பக்கத்தை ஜனங்கள் பார்க்காதபடி நான் திருப்பி வைத்திருந்தேன். எண்பதை எட்டப்போகும் அந்த மாமி பாசுரம் முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதோடு காதாக, "புதுசு வாங்கிவிட்டாயா? எவ்வளவு ஆனது?" என்று கேட்டார்.