சண்டைக்காரக் கார்ட்டூன் குடும்பத்தை ஒன்று சேர்ப்பது எப்படி?

அரை மணி நேர அமெரிக்க கார்ட்டூன் சிட்காமில் (நகைச்சுவைத் தொடரில்) விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதற்குள் அடித்துக்கொள்ளும் குடும்பம் ஒன்றாக இயங்கியாக வேண்டும். ஸ்கிரிப்ட் சறுக்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். அப்பா திடீரென்று திருந்துவார், எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள், பார்ப்பவர் நம்பமாட்டார். போதாக்குறைக்கு அடுத்த வாரம் அவர் பழைய சோம்பேறியாகவே வரவேண்டும்!

'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் முதல் சீசனில், 1990 ஜனவரியில் வந்த ஒரு எபிசோடில் அப்பா ஹோமர் டிவியை அடகு வைத்துப் பணம் புரட்டி, குடும்பத்தை மனநல சிகிச்சைக்குக் கூட்டிப்போவார். அங்கே பட்டனை அழுத்தினால் அடுத்தவருக்கு ஷாக். மாறி மாறி அழுத்தியே டாக்டரைத் தோற்கடித்துவிடுவார்கள். குடும்பம் சரியாகாவிட்டால் இரண்டு மடங்கு பணம் என்ற டாக்டரின் உத்தரவாதப்படி 250 டாலர் கட்டணம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். அந்த 500 டாலரில் புது டிவி. ஒருவர் குணமும் மாறவில்லை. ஆசை மட்டும் ஒன்றாகிவிட்டது. அசாத்திய எழுத்து.

நீங்கள் எழுதினால், குறையையே கருவியாக்குங்கள். புளுகும் மகன் வாசலில் ஆளைப் பேசியே நிறுத்தட்டும், எல்லாவற்றிலும் குற்றம் பார்க்கும் மகள் ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிக்கட்டும். ஆனால் அந்தப் புளுகு முதல் ஐந்து நிமிடத்திலேயே சாதாரண ஜோக்காக வந்துபோயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளைமாக்ஸில் ஒட்டவைத்தது போலத் தெரியும்.