‘ரோஜர்’ மட்டும் போதாது

“கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் சொன்னபடி விமானம் ஓட்டுகிறாய், அவ்வளவுதானே?” சாட்ஸ்வொர்த்தில், ஆயா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மாமா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

டர்பனின் கடலோர வர்ஜீனியா விமான நிலையத்தில்தான் விமானம் ஓட்டப் பழகுகிறேன். போன மாதம், ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொன்ன உத்தரவுக்கு வெறுமனே ‘ரோஜர்’, அதாவது கேட்டுக்கொண்டேன், என்றேன். கட்டுப்பாட்டாளர் விடவில்லை, முழுவதையும் திரும்பச் சொல்லவைத்தார். பயிற்றுநர் என் பக்கம் திரும்பவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்த விமான விபத்தைப் படித்தேன். 1977 மார்ச் 27, மூடுபனி. புறப்பட அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடத் தொடங்கியது. அதே பாதையில் பான் ஆம் விமானம். 583 பேர் இறந்தார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை இப்போது அந்த அனுமதியைத் தரவும் ரத்து செய்யவும் மட்டுமே சொல்கிறார்கள். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’, அதாவது புறப்பாடுதான்.

மாமாவிடம் சொன்னேன்: கட்டுப்பாட்டாளர்கள் விமானங்களை ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைக்கிறார்கள். ஆனால் சொன்னது ஆபத்தென்று தோன்றினால் ‘அனேபிள்’, அதாவது இயலாது, என்று மறுக்க வேண்டியவர் விமானிதான். இறுதி முடிவு அவருடையது.

“அப்படியானால் தப்பு நடந்தால்?”

“முதலில் என்னைத்தான் கேட்பார்கள், மாமா.”

ஆயா இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினார். அங்கே மட்டும் ‘அனேபிள்’ செல்லாது.