மூணு மாசக் கணக்கு

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு இல்லையென்றால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. 48 வயதில் பிரஷர் 160/100 என்றார்கள். கூடவே சுகர், கொழுப்பு. மூன்றுக்கும் மாத்திரை.

நான் முதலில் கற்றுக்கொண்டது டெஸ்டை ஏமாற்ற. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே டீக்குச் சர்க்கரை கிடையாது, ராத்திரி இரண்டே இட்லி. வெறும் வயிற்றில் 118 வரும். ரிசல்ட் வாங்கிய கையோடு பண்ருட்டிப் பலாச்சுளை. ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் டாக்டர் ஹெச்பிஏ1சி என்று வேறொரு சுகர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். 8.4. சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் இருக்குமாம். அதில் ஒட்டிய சர்க்கரை, போன இரண்டு மூன்று மாத வண்டவாளத்தைச் சொல்லிவிடும். “ரெண்டு நாள் பட்டினியெல்லாம் இதுகிட்ட செல்லாது சார்” என்று சிரித்தார்.

பிரஷரில் செய்தது இதைவிடக் கூத்து. 124/80 வந்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. மூன்று வாரம் கழித்து, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாக வரும் தன்னார்வலர் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தார். 170/104.

“மாத்திரை போடுறீங்களாண்ணே?”

“நல்லாத்தானேம்மா இருந்துச்சு...”

“நல்லா வச்சிருந்தது மாத்திரைண்ணே.”

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து வீட்டிலேயே மெஷின், ஒரு நாற்பது பக்க நோட்டு. டீ குடித்து அரை மணி நேரம் போக வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல். சைக்கிளை விட்டு இறங்கியதும் பார்த்தால் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்ததும் உண்டு.

கஷ்டம் உப்பில்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம் விட்டேன். கருவாட்டை நாலு தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தோம். உப்போடு ருசியும் போய்விட்டது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், இரண்டே துண்டு. மற்ற நாளில் பச்சை மீன்தான். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் முக்கால் மணி நேரம் நடை. பஜ்ஜிக் கடைகள் இருக்கிற பக்கம் போவதில்லை, அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

கொழுப்புக்குக் கதையில்லை. ராத்திரி ஒரு மாத்திரை, கெட்ட கொழுப்பு 162லிருந்து 90க்கு வந்தது.

போன மாதம் ஹெச்பிஏ1சி டெஸ்டுக்கு முந்தின ராத்திரி வழக்கம்போல மத்திக் குழம்பு ஊற்றித்தான் சாப்பிட்டேன். 6.9.