காது சுத்தமாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்

எனக்கு இரண்டு காதும் மந்தமாகிக்கொண்டே வந்ததற்குக் காரணம் ஓட்டோஸ்கிளரோசிஸ். நடுக்காதின் அங்கவடி எலும்பைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து, அதை அசையவிடாமல் இறுக்கிவிடுகிறது. ஒழுங்காக ஒரு செவித்திறன் சோதனை செய்திருந்தாலே ஆரம்பத்தில் சந்தேகம் வந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இந்த நோயில் வலி, சீழ் எதுவும் கிடையாது. செவிப்பறையும் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். அதனால் முதல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு" என்று சளி மாத்திரை எழுதினார். அடுத்தவர் குறும்பியை இளக்கச் சொட்டு மருந்து கொடுத்தார், இல்லாத குறும்பிக்கு! "சத்தமான இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கிறது, அமைதியான அறையில்தான் கஷ்டம்" என்றேன். சிரித்தார். அது இந்த நோயின் பழைய அடையாளங்களில் ஒன்றாம்.

சோதனையும் பாதிதான். ஹெட்போன் மாட்டி எடுத்ததோடு சரி. காதின் பின்னெலும்பில் அதிர்வியை வைத்துப் பார்க்கும் போன் கண்டக்ஷன் எடுக்கவேயில்லை. அது இல்லாமல் கோளாறு நரம்பிலா நடுக்காதிலா என்று எப்படிப் பிரிப்பது? ஆனாலும் "நரம்புக் கோளாறு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதருகே பிடித்தார். பிறகு அதன் அடியைப் பின்னெலும்பில் அழுத்தினார். எலும்பில்தான் பலமாகக் கேட்டது, அதாவது கோளாறு நரம்பில் இல்லை, நடுக்காதுப் பக்கம்தான். "வீட்டில் யாருக்காவது சின்ன வயசிலேயே காது மந்தமா?" என்றார். அம்மாவுக்கு! அதுவரை யாருமே கேட்கவில்லை. அப்புறம் முழு ஆடியோகிராம், அதாவது செவித்திறன் வரைபடம்: ஹெட்போனில் கேட்கும் காற்றுவழிக்கும் எலும்புவழிக்கும் நடுவே பெரிய இடைவெளி, எலும்புவழிக் கோட்டில் 2000 ஹெர்ட்ஸில் இந்த நோயில் அடிக்கடி வரும் ஒரு பள்ளம்.

பலத்த சத்தத்துக்கு அங்கவடியின் தசை தானாக இறுகுகிறதா என்று பார்க்கும் ஸ்டேப்பீடியல் ரிஃப்ளெக்ஸ் சோதனையைப் பெயர் சொல்லியே கேளுங்கள். உள்காதின் அரைவட்டக் குழாயில் திறப்பு விழுந்தாலும் இதே இடைவெளி வரும். ஆனால் அதில் ரிஃப்ளெக்ஸ் பொதுவாக இருக்கும். எனக்கு இரண்டு பக்கமும் வரவில்லை.

சி.டி. எடுக்கச் சொன்னால், சீட்டில் டெம்போரல் போன் (காது அமைந்திருக்கும் மண்டை எலும்பு) என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு முதலில் மூளை ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தடித்த வெட்டுகளில் இவ்வளவு சின்ன எலும்பை எங்கே தேடுவது? திரும்பவும் போய்ப் படுத்தேன்.

ஆடியோகிராம் வரைபடத்தின் நகலையும் விடாதீர்கள். "ரிப்போர்ட் மட்டும்தான் தருவோம்" என்ற கவுன்ட்டரில் நின்றே வாங்கினேன். பழையதும் புதியதுமாக ஒப்பிட்டுத்தான், காது மெதுவாகவே குறைகிறது, அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை என்றார் டாக்டர். இப்போதைக்குக் கருவி போட்டிருக்கிறேன்.